எல்லாரும் பார்க்க ஒரு துண்டு

மார்ச் 7, சனிக்கிழமை

அடியே நெட்டை,

நலமா என்று கேட்க மனசு வரவில்லை. கேட்காமலே ஆரம்பிக்கிறேன்.

நேற்று சாயங்காலம் பெரியக்கா கம்பெனியில் வேலை முடிந்து தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்தாள். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். "ஆபீஸ்ல குடுத்தாங்க. படிச்சுட்டு என்னைத் திட்டாதே" என்றாள். உள்ளே இரண்டு தாள். ஒன்று என்னைச் சஸ்பெண்டு செய்த உத்தரவு. இன்னொன்று நீ கொடுத்த அறிக்கையின் நகல்.

"இரண்டாம் பெல்ட் பணியாளர், நிறுவனத்தின் பொருளைக் களவாடி உண்டார்." கீழே உன் கையெழுத்து. 'பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர்' என்று முத்திரை வேறு.

என் மகளைக் கூப்பிட்டு, களவு என்றால் என்னடி என்று கேட்டேன். ஏழாவது படிக்கிறாள், தெரியாமலா இருக்கும். "யாருக்கும் தெரியாம எடுக்கிறதும்மா" என்றாள். யாருக்குடி தெரியாது? பெல்ட்டில் நின்ற பதினேழு பேருக்கும் தெரியும். சரக்கு வாங்க வந்த ஆறு பேருக்கும் தெரியும். மேனேஜருக்குத் தெரியும். என்னிடமிருந்து நாலடி தள்ளி அட்டையும் பேனாவுமாக நின்றாயே, உனக்குத் தெரியும்.

நீ பார்த்ததுதான். ஆனாலும் உன் அறிக்கையில் இல்லாததால் எழுதிவைக்கிறேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் அந்த ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டில் நாலைந்து சாக்லெட். தின்றுகொண்டே நம்மை வேடிக்கை பார்த்தார்கள். அதில் அந்தக் கண்ணாடி போட்ட அம்மா என் பக்கத்தில் நின்று, "இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுங்க?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நானும் மரியாதையாக, "தெரியலம்மா, நான் எதையும் சாப்பிட்டதில்லை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் உடனே, "இவங்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்தே திகட்டிப்போச்சு. சும்மா குடுத்தாலும் தொடமாட்டாங்க" என்றார்.

அதுதான்டி எனக்குத் தாங்கவில்லை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவில்லை என்று சொல்லட்டும். பதினாலு வருஷம் கொடுக்காமல் இருந்துவிட்டு, எனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் எப்படி? கையுறையைக் கழற்றினேன். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். வாயில் போட்டேன். மென்று விழுங்கும் வரைக்கும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தின்றேன். ஆயிரம் பேர் கேட்டாலும் தின்றேன் என்றுதான் சொல்வேன். களவு என்று எழுதினாயே, அதை மட்டும் மாற்று.

இப்படிக்கு,
வாயாடி


மார்ச் 9, திங்கட்கிழமை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தைப் பெரியக்கா சாப்பாட்டு இடைவேளையில் கொடுத்தாள். பாத்ரூமில் நின்று படித்தேன். விசாரணை முடியும்வரை உன்னோடு பேசக்கூடாது என்று எனக்கு உத்தரவு. போனையும் எடுக்கக்கூடாதாம். எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப்போடு.

நான் கையால் எழுதிக் கொடுத்த அறிக்கையில் "எடுத்துச் சாப்பிட்டார்" என்றுதான் இருந்தது. ஆபீஸில் டைப் அடிக்கும்போது மாற்றிவிட்டார்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். ஆனால் படித்துவிட்டுத்தான் போட்டேன். அடுத்த ஷிப்டுக்கு ஆள் குறைவு, மூன்றாம் பெல்ட் நின்றுபோயிருந்தது, எச்.ஆர். அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டு நிற்கிறார். இதெல்லாம் காரணமா என்று நீ கேட்பாய். இல்லைதான்.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. ஒரு மிட்டாய். அதற்காக இப்படி ஒரு வீராப்பு தேவையா? கடையில் கிடைக்காத பொருளா? வேண்டுமென்றால் வாங்கித் தின்றிருக்கலாமே. மகளுக்குப் படிப்பு இருக்கிறது. உன் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? 'களவு' என்று எழுதிய சான்றிதழோடு போனால் பிஸ்கட் கம்பெனியில் கேட்டுக்கு உள்ளேயே விடமாட்டார்கள்.

எனக்கு அந்தப் பொருள்மேல் எந்த ஆசையும் இல்லை, உனக்குத் தெரியும். அந்த வாடை ஏறாமல் இருக்க வேலைக்கென்று தனிச் சேலை வைத்திருக்கிறேன். ஒரு துண்டுக்காக நீ இவ்வளவு தூரம் போவாய் என்று நான் நினைக்கவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் நலம் நாடும் தோழி


மார்ச் 10, செவ்வாய்க்கிழமை

நலம் நாடும் தோழி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கடையில் வாங்கித் தின்றிருக்கலாமே என்று நீ கேட்கிறாய். இங்கே என் வீட்டுக்காரரும் நாலு நாளாய் இதையேதான் கேட்கிறார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருகிறார், வைத்ததைச் சாப்பிடுகிறார், "சின்னப்பிள்ளைங்க திங்கிற சமாச்சாரம், அதுக்குப் போய் வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறா" என்று வேனைப் பார்த்துச் சொல்கிறார். எனக்குச் சொல்வதில்லை, வேனுக்குச் சொல்கிறார்.

உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கேள். என் கையால் அடுக்கி, என் கையால் மூடி, என் கையால் நாடா கட்டின பெட்டியை, நானே கடையில் போய் நின்று கேட்டு வாங்க எனக்கு மனசு வந்ததில்லை. வீம்பு என்றால் வீம்புதான். மகளுக்கும் வாங்கித் தந்ததில்லை. அவள் சிநேகிதிகளின் பிறந்தநாளில் தின்றுவிட்டு, அந்தத் தங்கக் காகிதத்தை நகத்தால் நீவி நீவிப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்திருக்கிறாள். போன மாதம் பார்த்தேன். அம்மாவுக்குப் பிடிக்காது என்று நினைத்திருக்கிறாள் பாவம். நான் வீட்டுக்கு வந்ததும் வந்து கட்டிக்கொண்டு கழுத்தில் மூக்கை வைத்து இழுப்பாள். எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது.

இன்னொன்று. நீ சூப்பர்வைசர் ஆகி ஆறு வருஷம். வெள்ளிக்கிழமை தோறும் மேலே ருசி பார்க்கும் மேசைக்குப் போகிறாய். போய்விட்டு வந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அடியே, அது இப்படி இருக்கும்டி" என்று என்னிடம் சொன்னாயா? முன்பெல்லாம் கடைத்தெருவில் செருப்பு வாரறுந்தால்கூட மறுநாள் வந்து சொல்வாய். மேலே போக ஆரம்பித்ததும் வாய் மூடிக்கொண்டது. சாப்பாட்டையும் ஆபீஸ் மேசைக்கு மாற்றிக்கொண்டாய். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் கவனிக்கவில்லை என்று நினைத்துவிட்டாயோ?

நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். வீட்டில்தானே இருக்கிறேன்.

வாயாடி


மார்ச் 13, வெள்ளிக்கிழமை

அன்புள்ள வாயாடிக்கு,

ருசி மேசையைப் பற்றிக் கேட்டாய். அங்கே யாரும் சாப்பிடுவதில்லை. வாயில் போட்டுக்கொண்டு பத்து எண்ண வேண்டும். பிறகு காகிதக் கோப்பையில் துப்ப வேண்டும். மதிப்பெண் போடும் தாளில் இனிப்புக்கு ஒரு கட்டம், கசப்புக்கு ஒரு கட்டம், வழவழப்புக்கு ஒரு கட்டம். ஐந்து வகை முடிவதற்குள் நாக்கு மரத்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் எதைத் தின்றாலும் மண் மாதிரி இருக்கும். இதைப் போய் உன்னிடம் என்னவென்று சொல்வது? நீ ஏங்குகிறாய் என்று எனக்குத் தெரியாது. நீ கேட்டதே இல்லை. சாப்பாட்டு மேசையைப் பற்றி எழுதியது உண்மைதான்.

நல்ல சேதி ஒன்று இருக்கிறது. எச்.ஆர். அதிகாரியிடம் இரண்டு நாளாய் மன்றாடி ஒரு வழி பிடித்திருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கும் தாளில் நீ கையெழுத்துப் போட்டால் போதும். புதன்கிழமை விசாரணை பேருக்கு நடக்கும், ஒரு மாதத் தண்டனையோடு திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நானே தட்டச்சு செய்தேன். களவு என்ற வார்த்தை அதில் இல்லை. "ஆசை மிகுதியால் அறியாமல் செய்துவிட்டேன், பொறுத்தருள வேண்டும்" என்று மட்டும்தான் இருக்கிறது.

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் போடு, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ இல்லாமல் இரண்டாம் பெல்ட் பல்லுப்போன வாய் மாதிரி இருக்கிறது. புதிதாக வந்தவள் நாடாவை முடிச்சுப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடுகிறாள்.

ஒருவேளை விசாரணை நடந்தால், பழைய கதைகளையெல்லாம் அங்கே இழுக்க வேண்டாம். நமக்குள் இருப்பது நமக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
நெட்டை


மார்ச் 14, சனிக்கிழமை

நெட்டை,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை. ஆசை மிகுதியும் இல்லை, அறியாமலும் இல்லை. பிறகு எதற்குக் கையெழுத்து?

உன் கடிதம் முழுக்க ஒரு பக்கம், அந்தக் கடைசி இரண்டு வரி ஒரு பக்கம். அவ்வளவு நீளம் எழுதியதே அதற்காகத்தானோ என்று ராத்திரி முழுக்க மனசு குடைந்தது. பழைய கதையென்று நீ சொல்வது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த கதை. நானே எழுதிவிடுகிறேன், உனக்குப் பயம் தெளியட்டும்.

உனக்கு ஐந்தாம் மாதம். தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. உலகத்தில் எந்த வாடையும் ஆகவில்லை, அந்தச் சாக்லெட் வாடை ஒன்றைத் தவிர. இரண்டு துண்டைக் கையுறைக்குள் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டாய். அன்றைக்கென்று பார்த்துச் சோதனை. உன் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வரிசையிலேயே தடாலென்று விழுந்தேன். கொஞ்சம் பொய்யாய் விழப்போய், நிஜமாகவே மோவாய் கல்லில் பட்டுப் பிளந்துவிட்டது. சோதிக்கிற அம்மா தண்ணீருக்கு ஓடினாள். நீ வெளியே போய்விட்டாய். பஸ் ஸ்டாப்பில் மோவாயைத் துணியால் அழுத்திக்கொண்டு நான் நிற்க, நீ அழுதுகொண்டே ஒரு துண்டை என்னிடம் நீட்டினாய். இரண்டையும் நீயே தின்னுடி, உள்ளே இருக்கிறவனுக்கும் சேர்த்து என்றேன். தின்றாய். வாந்தி எடுக்கவில்லை. அந்த மாதத்தில் உனக்குள் தங்கிய முதல் ஆகாரம் அதுதான்.

இதைப் போய் நான் சபையில் வைப்பேன் என்று நினைத்தாயே. உன்னைக் காட்டிக்கொடுத்து என் வேலையைக் காப்பாற்றிக்கொள்வேன் என்று. பதினாலு வருஷத்தில் நீ என்னைத் தெரிந்துகொண்டது இவ்வளவுதானா? களவு என்று டைப் அடித்தவனை மன்னித்துவிடுவேன். இந்த இரண்டு வரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நிம்மதியாகத் தூங்கு.

வாயாடி


மார்ச் 18, புதன்கிழமை

நெட்டை,

நீ உள்ளே போனதும் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே வந்த நீ என் பக்கம் திரும்பாமல் படியிறங்கினாய். சரி. எனக்கு நடந்ததை நான் சொல்கிறேன். வேறு யாரிடம் சொல்ல? என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

உள்ளே மூன்று பேர். மேனேஜர், எச்.ஆர். அதிகாரி, வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல். மேசை நடுவில் என்ன இருந்தது பார்த்தாயா? தட்டு நிறைய நம் சாக்லெட். எச்.ஆர். என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே ஒன்றைப் பிரித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். வக்கீலிடம் தட்டைத் தள்ளினார்கள். அவர், "எனக்கு சுகர். பார்க்கிறதோட சரி" என்று ஏக்கமாகப் பார்த்தார்.

"ஏன் சாப்பிட்டே?" என்றார் மேனேஜர்.

"நான் தொடமாட்டேன்னு நீங்க சொன்னீங்க சார். தொடுவேன்னு காட்டினேன்."

"உடைஞ்சது தொட்டி நிறையக் கிடந்துச்சே. அதுல ஒண்ணு எடுத்திருந்தா நானே கண்டுக்காம விட்டிருப்பேன். பெட்டியில இருந்து முழுசை எடுத்திருக்கே."

"அந்தம்மா கேட்டது முழுசைப் பத்தித்தானே சார்."

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரோ என்னவோ. அவர்தான் பிறகு, "அவ்வளவு ஆசையா இருந்துச்சா அம்மா?" என்று கேட்டார். நல்ல மனுஷன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் உதவியிருப்பார் போலிருக்கிறது. ஆனால் எனக்குப் பொய் வரவில்லையே.

"ஆசையெல்லாம் இல்லைங்க. சொல்லப்போனா பிடிக்கவே இல்லை."

அவ்வளவுதான். மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நேரம் ஒழுங்கு, விதி என்று அலுப்பாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "என்ன பிடிக்கலை?"

"உள்ளே இருக்கிற அந்த ஆரஞ்சுப் பாகு. இருமல் மருந்து வாடை அடிக்குது. பல்லிலும் ஒட்டுது."

"இருமல் மருந்தா? ஆரஞ்சு வைக்கலாம்னு சொன்னதே நான்தான். எட்டு மாசம் உட்கார்ந்து செஞ்சது அது!"

"மேல இருக்கிற கறுப்பு நல்லாத்தான் இருக்கு சார். அதை மட்டும் குடுத்திருக்கலாம்."

"நீ எடுத்தது பழைய பேட்ச்சா இருக்கும்" என்று எச்.ஆரைப் பார்க்கிறார். எச்.ஆர். கன்னத்தில் அடக்கியதை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் முழிக்கிறார். திருடினேன் என்று சொன்னபோது வராத கோபம், பிடிக்கவில்லை என்றதும் வந்துவிட்டது பார்.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு அதை விழுங்கியதும் எனக்கு அழுகை வந்தது. இதற்காகவா பதினாலு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றோம் என்று. ஆனால் திரும்ப அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் திரும்பவும் எடுப்பேன். பிடிக்கிறதா இல்லையா என்று நான்தானே சொல்ல வேண்டும்? தின்னாமல் எப்படிச் சொல்வது?

வாயாடி


மார்ச் 20, வெள்ளிக்கிழமை

அன்புள்ள வாயாடி,

உன் முகத்தைப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அதனால்தான் திரும்பாமல் இறங்கினேன்.

உன் பதினாலாம் தேதிக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீ சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். உன் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன். அதனால்தான் பயந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உள்ளே நடந்தது இதுதான். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். வக்கீல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "களவுன்னு எழுதியிருக்கீங்க மேடம். நீங்க பார்த்தது களவுதானா?" என்று கேட்டார். வீட்டிலிருந்து ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். விதிப்படி, நடைமுறைப்படி என்று நீளமான பதில். வாயைத் திறந்தால் வேறு வருகிறது.

"இல்லைங்க. அவ சாப்பிட்டா. களவுன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், நான் செஞ்சிருக்கேன்" என்றேன்.

எச்.ஆர். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. கையுறை, இடுப்பு, கேட், நீ விழுந்தது, மோவாய், பஸ் ஸ்டாப், எல்லாவற்றையும் சொன்னேன். "என்னை வேலையை விட்டு அனுப்புங்க. ஆனா அவ பேருக்கு நேரா அந்த வார்த்தை இருக்கக்கூடாது" என்றேன்.

பிறகு மேனேஜர் தானே எழுந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "வேலைப் பளு, மேடம். சீசன் வேற. நீங்க ரொம்ப அலுத்துப்போயிருக்கீங்க. இப்போ சொன்னதை நாங்க யாரும் கேக்கலை" என்றார். எச்.ஆர். பேனாவை மூடினார். வக்கீல் மட்டும்தான், "நான் கேட்டுட்டேனே சார்" என்றார். "களவுங்கிற வார்த்தை இந்தத் தாளில் இருந்தா, இவங்க சொன்ன களவையும் நான் எழுதணும். அது இல்லைன்னா இதுவும் தேவையில்லை." மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சீசன் நேரத்தில் சூப்பர்வைசர் இல்லாமல் மூன்று பெல்ட்டையும் யார் ஓட்டுவது? வார்த்தையை அடித்துவிட்டார்கள். 'விதிமீறல்' என்று எழுதினார்கள். ஆனால் உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நான் திருடினேன் என்று சொன்னேன், தண்ணீர் கொடுத்தார்கள். நீ தின்றேன் என்று சொன்னாய், வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டேன் வாயாடி. அதுதான் எனக்கு ஆறவில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. இன்று காலையில் இன்னொரு சுற்றறிக்கை. நீக்கப்பட்டவர்களோடு பணியாளர் யாரும் தொடர்பு வைக்கக்கூடாதாம். யாரை நினைத்துப் போட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

நெட்டை


ஏப்ரல் 2, வியாழக்கிழமை

அடியே நெட்டை,

இரண்டு வாரம் எழுதவில்லை. கோபம் ஒரு காரணம். வேலை இன்னொரு காரணம். ஆஸ்பத்திரித் துணிகள் துவைக்கிற சலவைக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். கொதிக்கிற ஆவி. குளிர்ப் பெட்டி மாதிரியான அந்த பேக்கிங் கூடத்துக்குள் பதினாலு வருஷம் விறைத்துக் கிடந்த விரலெல்லாம் இப்போதுதான் மடங்குகிறது. வீட்டுக்குப் போனால் சோப்பு வாடை. மகள் முதல் நாள் கழுத்தில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி" என்று முகத்தைச் சுளித்தாள். ஆனால் கட்டிக்கொண்ட கையை எடுக்கவில்லை. அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், உனக்குப் பிடிச்சதை எடு என்றேன். அரை மணி நேரம் நின்றாள். நம் கம்பெனியுடையதை எடுக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன்.

சலவைக்கூடத் தலைவி என் சான்றிதழைப் படித்துவிட்டு, "விதிமீறல்னு போட்டிருக்கே, என்ன பண்ணே?" என்று கேட்டாள். சாக்லெட் கம்பெனியில் சாக்லெட் தின்றேன் என்றேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இங்கே பெட்ஷீட்டுதான் இருக்கு. தின்னமாட்டியே?" என்றாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டாள். களவு என்று இருந்திருந்தால் சிரித்திருப்பாளா? மாட்டாள். அதற்கு நீதான் காரணம், தெரியும். தெரியாமல் இல்லை.

வேலையை விடாதே. நீ விட்டால் அந்த அட்டையும் பேனாவும் யார் கைக்குப் போகும் என்று யோசி. தண்ணீர் குடித்தது பெரிய குற்றமில்லை. தாகத்துக்குக் குடித்தாய். அதை விடு.

ஆனால் இதைக் கேள். எனக்காக நீ பேசினாய், நான் கதவுக்கு வெளியே நின்றேன். என்னைப் பற்றி நீ பயந்தாய், அதையும் கடிதத்தில்தான் படித்தேன். எல்லாமே கதவுக்குப் பின்னால், பாத்ரூமுக்குள், பெரியக்காவின் சாப்பாட்டுப் பைக்குள். எனக்கு இது போதும்டி. நான் கோபமாகத்தான் இருக்கிறேன். எழுதி எழுதி அது தீராது. முகத்தைப் பார்த்துத் திட்ட வேண்டும். நீ பதிலுக்குத் திட்ட வேண்டும்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு, ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு, கேட்டுக்கு எதிரே நிற்பேன். சாலை கம்பெனியுடையது இல்லை. பதினேழு பேரும் வெளியே வருவார்கள், மேனேஜர் காரும் வரும். எல்லாரும் பார்க்க நீ சாலையைக் கடந்து வருவதானால் வா. சுற்றறிக்கைக்குப் பயந்து பின்பக்கத்து வழியாகப் போவதானால் போ. நான் பஸ் ஏறிப் போய்விடுவேன். யாரிடமும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இனிமேல் எழுத மாட்டேன், நீயும் எழுத வேண்டாம்.

வாயாடி


ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை

அடியே வாயாடி,

பெரியக்கா பையோடு ஆபீஸ் வாசலில் நிற்கிறாள். "இது கடைசின்னா ரெண்டு பேரும் எனக்குக் கும்பிடு போடணும்" என்கிறாள். அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் எச்.ஆர். அறைக்குப் போனேன். ஒரு தாள் கொடுத்தேன். "நாளை, சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்குக் கேட்டுக்கு எதிரே என் தோழியைச் சந்திக்கிறேன். இது தங்கள் தகவலுக்காக." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அனுமதி என்ற வார்த்தையைப் போடவில்லை. டைப் அடிக்கவும் கொடுக்கவில்லை, என் கையெழுத்திலேயே கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தார். "என்ன மேடம் இது, விளையாட்டா?" என்றார்.

"இல்லை சார். நகலில் முத்திரை போட்டுக் குடுங்க" என்றேன்.

"சுற்றறிக்கை பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன் சார். பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார். கை தன்னால் போட்டுவிட்டது என்று நினைக்கிறேன். நான் வெளியே வந்த பிறகுதான் அவருக்குப் புரிந்திருக்கும். இன்னும் ஒரு மணி நேரத்தில் மேனேஜர் என்னைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும். என்ன செய்வார் என்று தெரியாது. ஆனால் திரும்பப் போய் அந்தத் தாளைக் கேட்கிற எண்ணம் இல்லை.

திட்டுவதற்கு வேண்டியதையெல்லாம் சேர்த்துவை. என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் நீயே பேசி முடித்துவிடாதே.

சனிக்கிழமை ஷிப்ட் விடும்போது கூட்டமாக இருக்கும். என்னைத் தேட வேண்டாம். எல்லார் தலைக்கும் மேலே தெரிவேன்.

நெட்டை